இரண்டாவது தோல்வி வரை

2021 ஜூன் 26, சனிக்கிழமை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள ஒமாஹாவில் அன்று நடக்க வேண்டியிருந்த ஒரு பேஸ்பால் ஆட்டம் நடக்கவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். கோபம் கொஞ்சம் அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். கோபம் அடங்கிவிட்டது, விஷயம்தான் மனதைவிட்டுப் போகவில்லை. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் சாம்பியனை முடிவு செய்யும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் நடக்கும் ஊரில் வசிப்பவன் நான். ஜூன் மாதம் வந்தால் எங்கள் ஊர் முழுக்க பேஸ்பால்தான். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்தேன். காலையில் எழுந்து போனைப் பார்த்தால், நள்ளிரவு தாண்டி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அறிக்கை விட்டிருக்கிறது. கோவிட் விதிகளின்படி நார்த் கரோலினா ஸ்டேட் அணி தொடரிலிருந்து விலக்கப்படுகிறது. ஆட்டம் நடக்காததாகவே கொள்ளப்படும். வாண்டர்பில்ட் இறுதிச் சுற்றுக்குப் போகிறது. அவ்வளவுதான்.

அந்த அணி அதுவரை வந்த பாதையைச் சொன்னால்தான் என் வருத்தம் புரியும். ஒமாஹாவுக்கு வருவதற்கு முன்பு, அந்த ஆண்டின் முதல் தரவரிசை அணியான ஆர்கன்சாவை அதன் சொந்த மைதானத்தில் எதிர்கொண்டார்கள். மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற சுற்று. முதல் ஆட்டத்தில் 21-2 என்று தோற்றார்கள். அப்படித் தோற்ற அணி மறுநாள் 6-5, அதற்கடுத்த நாள் 3-2 என்று வென்றது. ஒமாஹாவில் ஸ்டான்ஃபோர்டை வென்றது. வாண்டர்பில்ட்டை 1-0 என்று வென்றது. வெள்ளிக்கிழமை மீண்டும் வாண்டர்பில்ட்டோடு ஆடும்போது, தொற்றும் தனிமைப்படுத்தலும் போக மிஞ்சியது 13 பேர். அந்த 13 பேரோடு இறங்கி 3-1 என்றுதான் தோற்றார்கள். எதிரே பந்து வீசியவர் குமார் ராக்கர். தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த கல்லூரிப் பிட்ச்சர்களில் ஒருவர். அது அவர்களுக்கு ஒமாஹாவில் முதல் தோல்வி. இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. அதை ஆடவிடாமல் அனுப்பிவிட்டார்கள்.

நோய்த்தடுப்பு விதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. 2024-இல் அதே பல்கலைக்கழகம் மறுபடி ஒமாஹாவுக்கு வந்தது. கென்டக்கியிடம் 5-4, ஃப்ளோரிடாவிடம் 5-4 என்று ஒவ்வொரு ரன்னில் இரண்டு முறை தோற்றுத் திரும்பியது. அது எனக்கு உறுத்தவில்லை. ஆடினார்கள், இரண்டு முறை தோற்றார்கள், போனார்கள். இந்தத் தொடரின் அடிப்படை அதுதான். ஒரு தோல்வியோடு யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒமாஹாவின் வரலாறு என்று எதைப் படித்தாலும், யார் எத்தனை கோப்பை வென்றார்கள் என்ற பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கோ அந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வியாகத் தெரிகிறது: ஒரு தோல்விக்கு இந்தத் தொடர் எவ்வளவு இடம் கொடுக்கிறது?

கலமசூவிலிருந்து ஒமாஹாவுக்கு

முதல் தொடர் 1947-இல் மிச்சிகனில் உள்ள கலமசூ என்ற ஊரில் முடிந்தது. எட்டு அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, தோற்றவர் உடனே வெளியே என்று ஆடவைத்தார்கள். எஞ்சிய இருவருக்கும் மட்டும் மூன்றில் இரண்டு வென்றால் கோப்பை என்ற சுற்று. கலிஃபோர்னியா 17-4, 8-7 என்று யேல் பல்கலைக்கழகத்தை வென்றது. அந்த யேல் அணியில் முதல் பேஸில் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) நின்றவர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ். அடுத்த ஆண்டு அணித்தலைவராக மறுபடி வந்தார், மறுபடி தோற்றார், இம்முறை தெற்கு கலிஃபோர்னியாவிடம். பிற்காலத்தில் ஜனாதிபதியானவர் என்பதால் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு 1949 தான் முக்கியம். அந்த ஆண்டு தொடர் கான்சஸில் உள்ள விசிட்டாவுக்குப் போனது. நான்கு அணிகள், இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற விதி அங்கே வந்தது. டெக்சஸ் வென்றது. 1950-இல் எட்டு அணிகளோடு ஒமாஹாவுக்கு வந்தார்கள். அதே விதியோடு வந்தார்கள், பிறகு இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

ஆரம்ப ஆண்டுகளில் ஒமாஹாவுக்கு இதில் லாபம் ஒன்றும் இருக்கவில்லை. நட்டம்தான். ஊரிலிருந்த வணிகர்களும் நகர நிர்வாகமும் விடாப்பிடியாக நடத்தினார்கள். அவர்களில் முன்னால் நின்றவர், இளமையில் தானே பேஸ்பால் ஆடி, பின்னாளில் மேயரான ஜானி ரோசன்பிளாட். 1964-இல் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில், மேட்டின்மேல் இருந்த அந்த ரோசன்பிளாட் மைதானத்தை நான் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு இன்றும் பெருமை. 2010-ஓடு அங்கே ஆட்டம் நின்றது. இப்போது நகரின் நடுவே, சுமார் 24,000 பேர் அமரும் புது மைதானம். வசதிக்குக் குறைவில்லை. பழைய இடத்தில் பேஸ்கள் இருக்கும் உள்வட்டத்தை மட்டும் குழந்தைகள் ஓடிப்பார்க்கும்படி சின்னதாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

இரண்டு தோல்வி விதி ஏன் பேஸ்பாலுக்குப் பொருந்துகிறது என்பதை 2018-இல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பாதான் ஒரு வார்த்தையில் சொன்னார். திருச்சியில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டத்தின் மற்ற விதிகள் அவருக்குப் பிடிபடவில்லை, இது மட்டும் உடனே பிடிபட்டது. “அரியர் மாதிரின்னு சொல்லுப்பா. ஒரு பேப்பர் போனா காலேஜை விட்டு அனுப்பிட மாட்டாங்க. ஆனா அடுத்த செமஸ்டர் பேப்பரோட சேத்து அதையும் எழுதணும்.” இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தின் தலைவிதி பெரும்பாலும் அன்று பந்து வீசும் ஒருவரின் தோளில் இருக்கிறது. அவர் வீசி முடித்தால் நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். உலகிலேயே நல்ல அணிகூட எதிரணியின் ஒருவர் நன்றாக வீசும் நாளில் தோற்கும். ஆகவே ஓர் ஆட்டத்தை வைத்து யார் பெரியவர் என்று முடிவு செய்ய முடியாது. அதனால்தான் இரண்டாவது வாய்ப்பு. ஆனால் அது இலவசம் இல்லை. தோற்ற அணி அதே நாட்களுக்குள் கூடுதல் ஆட்டம் ஆட வேண்டும். கூடுதல் ஆட்டத்துக்குக் கூடுதல் பிட்ச்சர்கள் வேண்டும். அரியர் எழுதுகிறவனுக்குத் தூக்கம் போகிற மாதிரி, இவர்களுக்குக் கை போகிறது.

இரண்டாவது தோல்வி எப்படி வரும் என்பதற்கு 1973-ஐச் சொல்ல வேண்டும். மின்னசோட்டாவுக்காகப் பந்து வீசியவர் டேவ் வின்ஃபீல்ட். எதிரே, தொடர்ந்து மூன்று ஆண்டு கோப்பை வென்றிருந்த தெற்கு கலிஃபோர்னியா. பயிற்சியாளர் ராட் டிடோ. எட்டு இன்னிங்ஸில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்) செய்தார் வின்ஃபீல்ட். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மின்னசோட்டா 7-0 முன்னிலை. அந்த ஒரே இன்னிங்ஸில் தெற்கு கலிஃபோர்னியா எட்டு ரன் எடுத்து 8-7 என்று வென்றது. மின்னசோட்டா ஏற்கனவே ஒரு முறை தோற்றிருந்ததால் அதோடு முடிந்தது. தெற்கு கலிஃபோர்னியா அந்த ஆண்டும் வென்று, அடுத்த ஆண்டும் வென்று, தொடர்ச்சியாக ஐந்து கோப்பைகளை எட்டியது. இன்றுவரை யாரும் அதை நெருங்கவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை மட்டும் வின்ஃபீல்டுக்குக் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது

1988-இல் விதி மாறியது. எட்டு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து, அந்தப் பிரிவுக்குள் மட்டும் இரண்டு தோல்வி விதி. இரண்டு பிரிவிலும் வென்றவர்களுக்கு ஒரே ஓர் இறுதி ஆட்டம். காரணம் எளிது. சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு, முன்கூட்டியே தேதி தெரிந்த, அன்றே முடிவு தெரிகிற ஓர் ஆட்டம் வேண்டும். இரண்டு தோல்வி முறையில் கடைசி ஆட்டம் எது என்று முன்னால் சொல்ல முடியாது. எனவே 2002 வரை, பதினைந்து ஆண்டுகள், ஒமாஹாவில் ஒரு தோல்வியும் இல்லாமல் இறுதிக்கு வந்த அணிகூட, ஒரு பிற்பகலில் தோற்றால் வெறுங்கையோடு போக வேண்டியிருந்தது. இது அநியாயம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். தொடரின் உயிரான விதியை, அது மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் பிடுங்கிவிட்டார்கள்.

இந்த அபிப்பிராயத்தை நான் யாரிடம் சொன்னாலும் அவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “அப்ப வாரன் மாரிஸ்?” அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1996 ஜூன் 8. இறுதி ஆட்டத்தில் மயாமி 8-7 என்று எல்.எஸ்.யூ.வைவிட (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) முன்னிலையில். ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, அதாவது எல்.எஸ்.யூ. மட்டை பிடிக்கும் கடைசி முறை. மூன்று அவுட் ஆனால் முடிந்தது. இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஒருவர். மட்டையோடு வந்தவர் வாரன் மாரிஸ். மணிக்கட்டருகே ஒரு சின்ன எலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை செய்து, பருவத்தின் பெரும்பகுதியைத் தவறவிட்டவர். அந்தப் பருவம் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர். முதல் பந்தே வளைந்து வந்தது. அடித்தார். வலது பக்கச் சுவரைத் தாழ்வாகத் தாண்டிப் போய்விட்டது. 9-8. ஓடிக்கொண்டே இரண்டு கையையும் தூக்குகிறார். உள்வட்டத்தில் மயாமி வீரர்கள் மண்ணில் முகம் புதைய விழுந்து கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர், பின்னாளில் பாஸ்டன் அணிக்குப் பயிற்சியாளராக, தொழில்முறை பேஸ்பாலின் வேர்ல்ட் சீரிஸ் வென்ற அலெக்ஸ் கோரா. அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இந்தத் தொடர் தந்த மிக அழகான கணம் அதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டு ஒமாஹாவில் மயாமிக்கு அதுதான் முதல் தோல்வி. 1949-இன் விதி இருந்திருந்தால் மறுநாள் இன்னொரு முறை ஆடியிருப்பார்கள். மாரிஸின் அடி அப்போதும் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது முடிவாக இருந்திருக்காது. அழகான கணம் ஒன்றைத் தந்தது என்பதற்காக ஒரு விதி நியாயமாகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே மறுபடி அந்தக் காணொளியைப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் அலுமினிய மட்டைகளின் வேகமும் கட்டுமீறிப் போயிருந்தது. 1998 இறுதி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா அரிசோனா ஸ்டேட்டை 21-14 என்று வென்றது. அதன்பிறகு மட்டைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2011-இல் இன்னும் கடுமையான கட்டுப்பாடும் புதிய பெரிய மைதானமும் சேர்ந்துகொள்ள, 2013-இலும் 2014-இலும் தொடர் முழுவதற்கும் மூன்று மூன்று ஹோம் ரன்தான். அது வேறு கதை.

1999-இல் மொத்தப் போட்டியையும் 64 அணிகளாக விரித்தார்கள். 2003-இல் இறுதிச் சுற்றை மூன்றில் இரண்டு என்று மாற்றினார்கள். எனக்குக் கேட்டால், அன்றுதான் தொடருக்கு அதன் உயிர் திரும்பக் கிடைத்தது. இரண்டாவது வாய்ப்பின் பலனை அதன்பின் பல முறை பார்த்தோம். 2006-இல் ஓரிகன் ஸ்டேட் முதல் ஆட்டத்திலேயே மயாமியிடம் 11-1 என்று தோற்றது, கோப்பையோடு போனது. 2008-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட், தன் மண்டலச் சுற்றில் கடைசித் தரவரிசையில் வைக்கப்பட்ட அணி, இறுதியில் ஜார்ஜியாவிடம் 7-6 என்று தோற்று, பிறகு 19-10, 6-1 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்ற ஆட்டங்கள் 31. முப்பத்தொரு தோல்வியோடு ஒரு சாம்பியன்! 2010-இல் சவுத் கரோலினா முதல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடம் தோற்றது. மறுபடி அதே அணியைச் சந்தித்தபோது, சமனாகி நீண்ட ஆட்டத்தின் 12-ஆவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஜாக்கி பிராட்லி ஜூனியர் அடித்துச் சமன் செய்தார். அந்த ஆட்டத்தை வென்று, அதன்பின் ஒன்றிலும் தோற்காமல், ரோசன்பிளாட்டின் கடைசி ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ.வை வென்றார்கள்.

கீழே விழுந்த பந்து

2018 ஜூன் 27 இரவு. சித்தப்பாவும் நானும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை ஆர்கன்சா 4-1 என்று வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் 3-2 என்று முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதி. ஓரிகன் ஸ்டேட்டுக்கு இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஒருவர். மட்டையில் கேடின் கிரெனியர். அவர் அடித்த பந்து முதல் பேஸைத் தாண்டி, கோட்டுக்கு வெளியே, வலது பக்கமாக உயர எழும்பியது. ஃபவுல் பந்து, பிடித்தால் அவுட், பிடித்தால் கோப்பை. ஆர்கன்சா பல்கலைக்கழகம் இந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 1979-இல் இறுதிவரை வந்து ஒரு ரன்னில் தோற்றார்கள். இப்போது பந்து காற்றில் இருக்கிறது. முதல் பேஸ்காரர், இரண்டாவது பேஸ்காரர், வலது பக்க ஃபீல்டர் என்று மூன்று பேர் ஓடி வருகிறார்கள். மூவரும் நின்றார்கள். பந்து மூவருக்கும் நடுவில் தரையில் விழுந்தது.

அந்த மூவரின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. போதுமான அளவு எழுதியாகிவிட்டது. இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். அந்தச் சத்தத்தில் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம். கிரெனியர் மறுபடி மட்டையோடு நின்று, இடது பக்கம் அடித்துச் சமன் செய்தார். அடுத்து வந்த டிரெவர் லார்னாக் வலது பக்கம் ஹோம் ரன் அடித்தார். 5-3. ஆட்டம் முடிந்ததும் ஆர்கன்சா வீரர்கள் மைதானத்தில் நின்ற நிலையைப் பார்த்துச் சித்தப்பா கேட்டார்: “ஏம்ப்பா, நாளைக்கு இன்னொரு மேட்ச் இருக்குன்னுதானே சொன்னே? ஆளுக்கு ஒண்ணுதானே ஜெயிச்சிருக்காங்க? அப்புறம் ஏன் இப்பவே தோத்த மாதிரி நிக்கிறாங்க?”

நான் இதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி அது. கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஓரிகன் ஸ்டேட்தான் அதிகம் களைத்திருக்க வேண்டிய அணி. அவர்கள் ஒமாஹாவில் முதல் ஆட்டத்திலேயே நார்த் கரோலினாவிடம் 8-6 என்று தோற்று, தோற்றால் வெளியே என்ற நிலையில் நான்கு ஆட்டம் ஆடி இறுதிக்கு வந்தவர்கள். ஆர்கன்சா ஒரு தோல்வியும் இல்லாமல் வந்தது. 1988-இன் விதியில் முதல் இரவே கோப்பை ஆர்கன்சாவுக்குப் போயிருக்கும். 2003-இன் விதியில் அவர்களுக்கு முழுதாக ஓர் ஆட்டம் மீதி இருந்தது. மறுநாள் இரவு முதலாண்டு மாணவரான கெவின் ஏபல் பந்து வீச வந்தார். 129 பந்து. இரண்டே இரண்டு ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது). ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. கடைசி இருபது பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். 5-0. ஒரே தொடரில் நான்கு வெற்றி பெற்ற முதல் பிட்ச்சர் ஆனார். அடுத்த ஆண்டு அவர் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் இரண்டாவது வாய்ப்பு என்று நான் கொண்டாடும் விஷயத்தின் சுமையைத் தாங்குவது பத்தொன்பது வயதுக் கைகள்தான் என்பதை மறந்துவிட்டு இதை எழுதக் கூடாது.

அலுவலகத்தில் ஆர்கன்சாக்காரர் ஒருவர் என்னோடு வேலை பார்க்கிறார். அவர் இன்றும் அந்தப் பந்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார். மறுநாள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் ஏபலின் 129 பந்தைச் சொல்வேன், அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அந்தப் பந்துக்கே போவார். அவரோடு பேசிப் பேசித்தான் சித்தப்பாவின் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. விதி அடுத்த நாளைத் தருகிறது. நேற்றைய இரவை எடுத்துக்கொண்டு போக அதற்குச் சக்தி இல்லை. ஃப்ரெஸ்னோவும் சவுத் கரோலினாவும் முந்தைய இரவை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 21-2 என்று தோற்ற நார்த் கரோலினா ஸ்டேட் பையன்களும் அப்படித்தான் வந்தார்கள். 2018-இன் ஆர்கன்சாவால் முடியவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வர முடிந்ததா இல்லையா என்று தெரிவதற்கே அந்த இன்னொரு ஆட்டம் நடந்தாக வேண்டும். நடந்தது. 2021-இல் அதுதான் நடக்கவில்லை.

2025-இல் ஆர்கன்சா மறுபடி ஒமாஹாவில். முதல் ஆட்டத்தில் எல்.எஸ்.யூ.விடம் 4-1 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து, தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் மர்ரி ஸ்டேட்டை எதிர்த்து கேஜ் வுட் பந்து வீசினார். ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. 19 ஸ்ட்ரைக் அவுட். எட்டாவது இன்னிங்ஸில் ஒருவர்மேல் பந்து பட்டது. அவரைத் தவிர வேறு யாரும் பேஸை மிதிக்கவில்லை. தொடரின் வரலாற்றில் 1950-க்கும் 1960-க்கும் பிறகு இது மூன்றாவது நோ-ஹிட்டர். முதல் தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பும் தொடராக இருந்திருந்தால் கேஜ் வுட் அந்த ஆண்டு ஒமாஹாவில் ஒரு பந்தும் வீசியிருக்க மாட்டார். அதையடுத்து யு.சி.எல்.ஏ.வை வென்று, மீண்டும் எல்.எஸ்.யூ.வைச் சந்தித்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் 5-3 முன்னிலை, இரண்டு அவுட். இடது பக்கம் நேராகப் பறந்து வந்த பந்து ஃபீல்டரின் கையில் நிற்காமல் போக, இருவர் ஓடி வந்து சமன் செய்தார்கள். அடுத்த அடியில் 6-5. மறுநாள் அலுவலகத்தில் நண்பர் வந்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. அவரே தொடங்கினார். இடது பக்கம் போன அந்தப் பந்தைப் பற்றி ஒரு வரி சொன்னார். பிறகு மதியச் சாப்பாடு முடியும் வரை கேஜ் வுட் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.